மோனேயின் கரையில், ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும்

[திரையில்: மேகம் கவிந்த வானம், பச்சை கலந்த கடல், கரையேற்றிய படகுகள்]

இந்தப் படத்தின் முன் நிற்பவர்களின் கண் முதலில் வானத்துக்குத்தான் போகும். நாம் கீழே, கரையிலிருந்து தொடங்குவோம்.

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே 1867 கோடையில் வரைந்த ‘சாந்த் அத்ரெஸ் கடற்கரை’ இது. பிரான்சின் நார்மண்டியில், லு ஆவ்ர் துறைமுகத்தை ஒட்டிய ஊர். மோனேக்கு அப்போது வயது 26. அந்தந்தக் கணத்தின் ஒளியைத் தீற்றல்களால் பிடிக்கும் ஓவியப் பாணிக்கு ‘இம்ப்ரெஷனிசம்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வர இன்னும் 7 ஆண்டுகள் இருந்தன.

படகுகளின் அருகே மீனவர்கள் நிற்கிறார்கள். மீன்பிடிப் படகுகள் கரையில் கிடக்கின்றன என்றால், கடல் வற்றியிருக்கிற நேரம். இந்தக் கடலான ஆங்கிலக் கால்வாயில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், பல மீட்டர் ஏறி இறங்கும். அங்கே கடிகாரமே அதுதான்.

[அண்மைக் காட்சி: தண்ணீர் ஓரத்தில் அமர்ந்திருக்கும் இருவர்]

இந்த இருவரைக் கவனியுங்கள். ஒருவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருக்கிறார், பக்கத்தில் ஒரு பெண். முகம் இல்லை, விரல்கள் இல்லை. நாலைந்து தீற்றல்கள்தான் ஆள். ஆனாலும் இவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. கடலை வேடிக்கை பார்ப்பதற்கென்று ஒரு கருவியை எடுத்துக்கொண்டு மீனவர் வீட்டிலிருந்து யார் வருவார்கள்?

[திரையில்: நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘சாந்த் அத்ரெஸ் படகுப் போட்டி’]

அதே கோடை, அதே கரை, ஏறக்குறைய அதே அளவு கித்தான். ஆனால் வெயில் அடிக்கிறது, கடல் ஏறியிருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்குப் பதில் போட்டிப் படகுகளின் வெள்ளைப் பாய்கள். நேர்த்தியாக உடுத்தியவர்கள் கரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இவை இரண்டும் இணைப் படங்களாகவே வரையப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இம்ப்ரெஷனிசம் என்றாலே ஒளி, ஒளி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அருகருகே வைத்துப் பார்த்தால், ஒளியோடு சேர்ந்து கரைக்கு வருகிற ஆட்களும் மாறுகிறார்கள்.

அந்தக் கோடையில் மோனே கையில் காசில்லாமல் அத்தை வீட்டில் தங்கியிருந்தார். கர்ப்பிணியான காதலி கமீய் பாரிஸில் இருந்தார். ஆகஸ்ட் 8 அன்று மகன் ழான் பிறந்தான். அதனால்தான் வானம் சாம்பல் நிறமாக இருக்கிறது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெயில் படத்தையும் அதே கவலையோடுதானே வரைந்தார்!

[மீண்டும் முதல் படம்: தொலைநோக்கிக்காரர் மீது கேமரா நிற்கிறது]

இந்தப் படம் இப்போது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. மீனவர்களின் நேரத்தில், மீனவர்களின் கரையில் உட்கார்ந்திருக்கும் இந்த இருவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: நியூயார்க் படத்துக்குப் போக வேண்டியவர்கள், ஓதம் ஏறுவதற்கு முன்பே வந்து இடம் பிடித்துவிட்டார்கள்.