எது நம்ம ஊர் மஞ்சள் பூ?

நேயர்களுக்கு வணக்கம். மஞ்சள் பூ என்றதும் நம் தருமபுரிக்காரர்களுக்கு ஆவாரம்பூதான் ஞாபகம் வரும். அது அவரை, துவரை குடும்பம். இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது சூரியகாந்திக் குடும்பத்துக் காட்டுப் பூக்களைப் பற்றி.

இந்தக் குடும்பத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சாமந்தியைப் பிய்த்துப் பாருங்கள். இதழ் என்று நாம் நினைக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ. காட்டுப் பூக்களின் நடுவில் பொட்டு மாதிரி இருப்பதைக் கிள்ளினால் குட்டிக் குழல்களாக உதிரும். அவையும் தனித்தனிப் பூக்களே. வாத்தியாராக இருந்தபோது பிள்ளைகளை எண்ணச் சொல்வேன். பாதி எண்ணுவதற்குள் மணி அடித்துவிடும்.

ராயக்கோட்டைப் பக்கம் பூக்கிற செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. சாமந்தி சீனத்து உறவு. தளி, தேன்கனிக்கோட்டையில் ராகிக் கொல்லையைச் சுற்றி மஞ்சள் வேலியாக நிற்குமே உச்செள்ளு, அதற்கு எத்தியோப்பியா பூர்வீகம். மாடு வாய் வைக்காது என்று ஓரத்தில் விதைப்பார்கள். வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழிகிற கிணற்றடிப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான்.

அப்புறம் நம்முடையது எது? மழை விட்டபின் மேட்டுக்காட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி நிற்கும். இலைக்குக் காம்பே இராது. அடிப்பகுதி காது மடல் போலத் தண்டை அணைத்திருக்கும். மெல்லிய காம்பின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சள் பூ. வைக்கோவா இண்டிகா என்பது பழைய தாவரவியல் பெயர். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. ஆடு மேய்க்கிற ஒரு அம்மாவிடம் பெயர் கேட்டேன். "ஏதோ பூண்டுங்க சார்" என்றார்.

பெயர் தெரிந்த செடியிலும் ஏமாறலாம். ஏமாந்தவன் நான்தான். மஞ்சள் கரிசலாங்கண்ணி நம் நாட்டுச் செடி, ஈரமான வரப்பும் வாய்க்கால் ஓரமும் பார்த்துப் படரும். நாற்றுப் பண்ணை ஒன்றில் அந்தப் பெயர் சொல்லி ஒரு தொட்டி கொடுத்தார்கள். தளதளவென்று வளர்ந்தது, கீரையாகக் கடையலாம் என்று வீட்டில் கிள்ளியும் விட்டார்கள். அப்போதுதான் இலையைச் சரியாகப் பார்த்தேன். மூன்று மடலாகப் பிரிந்திருந்தது! உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், இப்படி மடல் பிரியாது. கிள்ளியது குப்பைக்குப் போனது.

என்னிடம் இருந்தது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. அழகுக்காகத் தரையில் படர விடுகிறார்கள். கணுவுக்குக் கணு வேர் விடும். பிடுங்கினால் ஒரு துண்டு போதும், மறுபடி தழைத்துவிடும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. மஞ்சள் கரிசாலை என்று யார் கொடுத்தாலும், சட்டியில் போடும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

அந்தத் தொட்டி இன்னும் மொட்டைமாடியில்தான் இருக்கிறது. பூ அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. தரையில் மட்டும் இறக்கவில்லை. வணக்கம்.