கையில் தெரிவதெல்லாம் நரம்பு இல்லை

எல்லோருக்கும் வணக்கம். முதலில் உங்கள் புறங்கையைப் பாருங்கள். பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அதைத்தான் நாம் 'நரம்பு' என்கிறோம். அதில் போடுகிற ஊசிக்கு 'நரம்பு ஊசி' என்றே பேர். ஆனால் அது நரம்பு இல்லை. ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் சிரை.

சரி, இப்போது விரல்களை விறைப்பாக மேலே தூக்குங்கள். குடைக்கம்பி மாதிரி விரலுக்கொன்றாகக் கயிறு எழும்புகிறதா? அதையும் நரம்பு என்போம். அது தசைநாண். விரல்களுக்குள் தசையே கிடையாது. பெரும்பாலும் முன்கையில் இருக்கும் தசைகள்தான் இந்த நாண்களை இழுத்து விரலை ஆட்டிவைக்கின்றன.

அப்படியானால் நிஜமான நரம்பு எங்கே? முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு எலும்பு மேடு இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல உருட்டுங்கள். வழுக்கிக்கொண்டு ஒன்று நழுவும். சுண்டுவிரல் வரை சுரீர் என்றால், அதுதான் அல்நார் நரம்பு. கதவில் முழங்கை இடித்து கரண்ட் அடித்ததுபோலத் துடிப்போமே, அந்த அடி விழுவது இதன்மேல்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கண்ணாடி கிழித்த கையோடு வருபவர்கள் "நரம்பு கட்டாயிடுச்சா டாக்டர்?" என்று கேட்பார்கள். சிரை அறுந்திருந்தால், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும். தசைநாண் அறுந்திருந்தால் விரல் மடங்காது, அல்லது நிமிராது. விரலில் ஓடும் நரம்பு அறுந்திருந்தால் விரல் நன்றாக ஆடும், ஆனால் தொட்டால் தெரியாது. அதனால்தான் நான் காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு விரலின் இரு ஓரங்களிலும் நரம்பும், இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனியும் ஜோடியாக ஓடுகின்றன. உள்ளங்கைப் பக்கமாகப் பார்த்தால் நரம்புதான் முன்னால் இருக்கும். ஆகவே அந்தப் பக்கமிருந்து இறங்கிய வெட்டு தமனியை அறுத்து ரத்தம் பீறிட்டால், வழியில் இருக்கும் நரம்பும் தப்பியிருக்காது என்று சந்தேகப்பட வேண்டும். தோலை மட்டும் தைத்து அனுப்பினால் அந்த விரல் பாதி மரத்தே கிடக்கும். நரம்பையும் சேர்த்துத் தைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்தது விரல் நுனியை எட்ட ஆறு மாதம்கூட ஆகும், பொறுமை வேண்டும்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறதா? அது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். அங்கே ஒரே குறுகலான பாதையில் ஒன்பது தசைநாண்களோடு அது இடத்துக்குப் போட்டி போடுகிறது.

அப்புறம் ரத்த ஓட்டம். மணிக்கட்டுக்கு இரண்டு தமனிகள் வருகின்றன. உள்ளங்கையில் அவை வளைவாக இணைந்துகொள்வதால், பெரும்பாலானவர்களுக்கு ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று கையைக் காப்பாற்றிவிடும். முழங்கைக்கு மேலே அந்தச் சௌகரியம் இல்லை. அங்கே பிரதானமாக ஒரே குழாய், பிரேக்கியல் தமனி.

விளையாடும்போது கையை ஊன்றி விழுகிற குழந்தைகளுக்கு அடிக்கடி முறிவது சரியாக அந்த இடம்தான். முறிந்த எலும்பின் கூரான முனைக்கு முன்னாலேயே தமனியும் மீடியன் நரம்பும் இருக்கின்றன. எலும்பு கூடிவிடும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் பயமெல்லாம் உள்ளே வீங்கி, ரத்தம் போகாமல் முன்கைத் தசை செத்துப்போவதுதான். ரிச்சர்ட் வோல்க்மன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1881-லேயே இதை எழுதிவைத்தார். சில மணி நேரம் ரத்தம் கிடைக்காத தசை வடுவாகச் சுருங்கும். விரல்கள் பறவையின் நகம்போல மடங்கி நின்றுவிடும். அப்படி நின்றுவிட்ட ஒரு சின்னக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகவே மாவுக்கட்டு போட்ட குழந்தை வீட்டில் இருந்தால், கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை அடிக்கடி பாருங்கள். வெளுத்திருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா? மெல்ல ஒரு விரலை நிமிர்த்துங்கள். குழந்தை வீறிட்டு அழுதாலோ, வலி நேரமாக ஆக ஏறிக்கொண்டே போனாலோ, நாடி துடிக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். வலி மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்து, விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் கிளம்பி வந்து, கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.