பத்தாம் ஆண்டுக்கும் பணம் இருக்கிறதா? பல்கலைக்கழக விளையாட்டுத் திடல்களும் அவற்றின் நிதியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பல்கலைக்கழகம் புதிதாக ஓடுதளமோ உள்விளையாட்டு அரங்கமோ கட்ட நினைத்தால், குழுக் கூட்டத்தில் முதலில் மேசைக்கு வருவது வரைபடம். அடுத்தது கட்டுமானச் செலவு. இவை இரண்டையும் பேசி முடிப்பதற்குள் அடிக்கல் நாட்டத் தேதி குறித்துவிடுகிறார்கள். பத்தாம் ஆண்டில் மேற்பரப்பு தேய்ந்துபோகும்போது அதைப் புதுப்பிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கட்டும் பணத்தைத் திரட்டும்போதே அந்தப் பணத்தையும் சேர்த்துத் திரட்ட வேண்டும் என்பதைத்தான் இன்று வலியுறுத்த விரும்புகிறேன்.

வரைபடத்துக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாணவர்கள் அந்த இடத்தில் விளையாடப் போகிறார்கள்? வகுப்புகள் மாலை 4:30 மணிக்கு முடிகின்றன, 6:30 மணிக்கு இருட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு இல்லாத திடலில் நாளுக்கு 2 மணி நேரம்தான் கிடைக்கும். விளக்கு போட்டு 9:30 வரை திறந்து வைத்தால் 5 மணி நேரம். நிலத்தில் ஒரு அடிகூடச் சேர்க்காமல் பயன் இரண்டரை மடங்காகிவிடுகிறது. பயிற்சிக்கு 75 லக்ஸ் வெளிச்சம் போதும், சாதாரணக் கால்பந்துப் போட்டிக்கு 200, பெரிய போட்டிக்கு 500 என்று ஐரோப்பிய விளக்குத் தரவிதி வகுத்திருக்கிறது. ஆண்டில் சில நாட்களே நிரம்பும் பெரிய கேலரிக்குப் பணம் ஒதுக்குகிற குழு, நாள்தோறும் எரியப்போகும் விளக்கைச் செலவு மிச்சம் என்று வெட்டிவிடுவது எனக்கு வருத்தம் தரும் வழக்கம். விளக்குக்கு இப்போது பணமில்லை என்றாலும், மின்கம்பங்களின் அடித்தளத்தையும் நிலத்தடிக் குழாய்களையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். ஓடுதளத்துக்குக் குறுக்கே அடியில் நான்கைந்து காலிக் குழாய்கள் கிடந்தால், பின்னாளில் மின்கம்பியோ தண்ணீரோ கொண்டுபோக ஓடுதளத்தை அறுக்க வேண்டியிருக்காது.

இனி பணத்துக்கு வருகிறேன். முன்னாள் மாணவர் ஒருவர் நன்கொடை தருவதாக வாக்களிக்கிறார், அந்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் ஐந்து தவணையாக, ஆண்டுக்கு 20 பங்காகத்தான் வரும். கட்டுமானமோ 18 மாதத்தில் முடிந்துவிடும், ஒப்பந்தக்காரரின் பில் மாதாமாதம் வரும். வேலை முடியும் நாளில் கையில் வந்திருப்பது முதல் இரண்டு தவணையான 40 பங்கு மட்டுமே. மீதி 60 பங்குக்குக் கடன் வாங்கியாக வேண்டும். வட்டி 8 சதவீதம் என்றால், கட்டி முடித்த பிறகு மட்டும் 7 பங்குக்கு மேல் வட்டிக்கே போகும். இந்த வட்டியைத் திட்ட மதிப்பீட்டில் எழுதாமல் விட்டுவிட்டு, கடைசியில் வடிகாலிலோ தரைப் பொருளிலோ கை வைக்கிறார்கள். சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

கட்டடத்துக்குப் பெயர் வைக்க நன்கொடையாளர்கள் முன்வருவார்கள். பராமரிப்புக்குப் பணம் தர ஆள் கிடைப்பது அரிது. அதனால் இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கேட்பதுதான் வழி. ஆண்டுப் பராமரிப்பு கட்டுமானச் செலவில் 2 சதவீதம் ஆகிறது, முதலைச் செலவழிக்காமல் வைத்திருக்கும் நிரந்தர வைப்பிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்று கொண்டால், கட்டுமானச் செலவில் பாதி அளவுக்கு வைப்பு வேண்டும். கேட்கும்போது பெரிய தொகையாகத்தான் தெரியும். அவ்வளவு திரட்ட முடியாதென்றால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள், வைப்பைத் தொடாதீர்கள். மேற்பரப்பைப் புதுப்பிக்கத் தனிக் கணக்கும் வேண்டும். இன்று 30 பங்கு ஆகும் மேற்பரப்பு, விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பத்தாண்டு கழித்து ஏறத்தாழ 49 பங்கு ஆகும். ஆண்டுக்கு 3 பங்கு ஒதுக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

மாணவர் கட்டணத்தில் நியாயம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. இன்று கட்டணம் செலுத்தும் இறுதியாண்டு மாணவர் அரங்கம் திறக்கும்போது படிப்பை முடித்துப் போயிருப்பார். கட்டணத்தைத் திறப்பு நாளிலிருந்து வசூலிக்கலாம், அல்லது முன்கூட்டிச் செலுத்தியவர்களுக்கு அதே அளவு காலம் பின்னாளில் இலவசமாகப் பயன்படுத்த உரிமை தரலாம். வசூல் எந்த ஆண்டோடு நிற்கும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வெளியாருக்கு வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை மிகப் பலவீனமானது. வெளியார் கேட்பதும் மாலை 5 முதல் 9 வரை, மாணவர் கேட்பதும் அதே நேரம்தான். காலியாக இருக்கும் பிற்பகல் 2 மணிக்கு வாடகை கொடுக்க யாரும் வரமாட்டார்கள். இருக்கை விற்பனையை நம்பிக் கடன் வாங்குவது இன்னும் ஆபத்து. அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் பழைய அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைப் புதுப்பித்து 2012-ல் திறந்தது. அதற்கும் பக்கத்துப் பயிற்சிக் கூடத்துக்குமாக வாங்கிய கடன் 40 கோடி டாலருக்கு மேல். நீண்டகால இருக்கை உரிமைகளை விற்று அதை அடைக்கத் திட்டமிட்டார்கள். விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, சில ஆண்டுகளில் விளையாட்டுத் துறையின் கடனில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகமே தன் தலையில் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

இனிக் கட்டுமானம். செயற்கை ஓடுதளத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், தவறுகள் அதிகம் நடப்பது இதில்தான். தரமான 400 மீட்டர் ஓடுதளத்தில் வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி 84.39 மீட்டர், ஒவ்வொரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். எட்டுப் பாதை போட்டால் வெளிவிளிம்பு வரை நீளம் ஏறத்தாழ 177 மீட்டர், அகலம் 92.5 மீட்டர். 100 மீட்டர் ஓட்டம் முடிந்து ஓடி நிற்கக் கோட்டுக்கு அப்பால் 17 மீட்டர் தனியாக வேண்டும். நீண்ட அச்சு வடக்குத் தெற்காக இருந்தால் மாலை வெயில் கண்ணில் அடிக்காது.

ஓடுதளத்தின் நடுவே 105-க்கு 68 மீட்டர் கால்பந்துத் திடலை வைக்கலாமா என்று எல்லாக் குழுக்களிலும் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் நான்கு மூலைகளிலும் ஓடுதளத்தின் உள்விளிம்புக்கு ஒரு மீட்டர்கூட மிஞ்சாது. கார்னர் அடிக்க வருகிறவரின் பூட்ஸ் ஆணிகள் ஓடுதளத்தின் மேல்தான் பதியும். அந்த நான்கு மூலைகளுக்கும் பாதுகாப்பு விரிப்பும், உள்விளிம்பில் கழற்றி மாட்டக்கூடிய அலுமினியக் கட்டையும் டெண்டரிலேயே இருக்க வேண்டும்.

சரிவில் விதி கண்டிப்பானது. குறுக்குவாட்டில் உள்பக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஓடும் திசையில் இறக்கம் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குறுக்குவாட்டில் எட்டுப் பாதைக்கும் சேர்த்து இது 10 சென்டிமீட்டருக்கும் குறைவான உயர வேறுபாடு. அடியில் நிரப்பிய மண் ஒழுங்காக இறுகாமல் ஒரு பக்கம் 2 சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே அங்கே தண்ணீர் தேங்கும். அதனால் மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ரோலர் ஓட்டி இறுக்கி, சோதித்த பிறகே அடுத்த அடுக்கைக் கொட்ட வேண்டும். அதன் மேல் ஜல்லிப் படுகை, அதன் மேல் தார்த்தளம். புதுத் தாரில் எண்ணெய்ப் பசை இருக்கும். பொருள் தயாரிப்பாளர் சொல்லும் நாட்கள், வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம், காத்திராமல் மேற்பரப்புப் பொருளான பாலியூரித்தேனை ஊற்றினால் அது ஒட்டாது. அடியில் ஈரம் இருந்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பிறகு தாள் தாளாக உரியும்.

மேற்பரப்பின் கனம் சராசரியாக 12 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஓடுதளமும் இரு முனைகளின் அரைவட்டங்களும் சேர்ந்து சுமார் 6,000 சதுர மீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டர் குறைத்துப் போட்டால் 6 கன மீட்டர் பொருள் ஒப்பந்தக்காரருக்கு மிச்சம். கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் தேய்மானம் சில ஆண்டுகள் முந்திவிடும். ஊசி ஆழமானியை எடுத்துக்கொண்டு பல இடங்களில் குத்தி அளந்து, ஒவ்வோர் அளவையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஈட்டி எறிவோர் ஓடிவரும் பாதையின் கடைசி 8 மீட்டர் போன்ற இடங்களில் கூடுதல் கனம் தேவை, அங்கே 20 மில்லிமீட்டர் போடுவது வழக்கம். இதை டெண்டரில் எழுதாவிட்டால் யாரும் போடமாட்டார்கள்.

செயற்கைப் புல்லா, இயற்கைப் புல்லா என்பதிலும் மணிக்கணக்கே முடிவு சொல்லும். இயற்கைப் புல்லுக்கு வாரத்தில் சில ஆட்டங்களுக்கு மேல் தாங்காது, ஓய்வு கொடுத்தாக வேண்டும். செயற்கைப் புல் நாள் முழுதும் தாங்கும், ஆனால் கடும் வெயிலில் அதன் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், 8 முதல் 10 ஆண்டில் விரிப்பை மாற்ற வேண்டியிருக்கும், அதுவரை தூரிகை ஓட்டி, புல்லிழைகளுக்கு இடையே தூவியிருக்கும் நிரப்பு மணிகளைச் சமன்செய்துகொண்டே இருக்க வேண்டும். ரப்பர் மணிகள் நுண்பிளாஸ்டிக்காக வெளியேறுவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே அவற்றை விற்க முடியாது. இன்று வாங்குகிறவர்கள் மாற்று நிரப்பு எது என்று இப்போதே கேட்பது நல்லது.

உள்விளையாட்டு அரங்கில் கூடைப்பந்துக்கு 28-க்கு 15 மீட்டர் ஆடுகளமும் சுற்றிலும் 2 மீட்டர் வெற்றிடமும் வேண்டும், மேலே 7 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். உயர்நிலை இறகுப்பந்துப் போட்டி நடத்த நினைத்தால் உயரம் 12 மீட்டர். கூரை எழும்பிய பிறகு இதை மாற்ற முடியாது. கைப்பந்துக் கம்பங்களுக்கான குழிகளைத் தரை போடும் முன்பே காங்கிரீட்டில் பதித்துவிட வேண்டும். மரத்தளத்தைக் கெடுப்பது ஈரம். காங்கிரீட் 28 நாளில் வலுப்பெறும், உலர்வது வேறு விஷயம். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது நடைமுறைக் கணக்கு, அப்படியென்றால் 100 மில்லிமீட்டர் தளத்துக்கு நான்கு மாதம். திறப்பு விழாவுக்கு முந்திக்கொண்டு ஈரக் காங்கிரீட்டின் மேல் பலகை அடித்தால், மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்துக் கூன்போட்டு நிற்கும். சுவரோரம் விரிவதற்கு இடைவெளி விடாத அரங்குகளில் தளம் நடுவில் புடைத்தே எழும்பிவிடும். விழாத் தேதியை ஈரமானியைப் பார்த்த பிறகு குறியுங்கள்.

நீச்சல் குளம் பற்றி ஒன்று மட்டும். 50-க்கு 25 மீட்டர், சராசரி ஆழம் 2 மீட்டர் என்றால் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை இரவும் பகலும் வடிகட்டிச் சுழற்ற வேண்டும். நிரந்தர வைப்பு இல்லாத பல்கலைக்கழகம் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே மேல்.

வேலையை ஏற்றுக்கொள்ளும் நாளில் ஓடுதளம் முழுவதையும் தண்ணீரால் நனைத்து 20 நிமிடம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் குட்டைபோல் தண்ணீர் நிற்கிற இடங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்து, படமெடுத்து, சரிசெய்யச் சொல்லுங்கள். 4 மீட்டர் நேர்சட்டத்தை வைத்துப் பார்த்தால் அடியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கக்கூடாது. முதல் பாதையின் நீளத்தை ஒப்பந்தக்காரருக்குச் சம்பந்தமில்லாத நில அளவையாளர் அளக்க வேண்டும். 400 மீட்டருக்கு மேல் 4 சென்டிமீட்டர் வரை கூடலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக்கூடாது. ஒப்பந்தத் தொகையில் பிடித்து வைத்த 5 சதவீதத்தைக் குறைந்தது ஒரு முழு மழைக்காலம் கடக்கும் வரை விடுவிக்காதீர்கள். நிலத்தடிக் குழாய்களின் வரைபடம், பயன்படுத்திய பொருளின் தொகுதி எண், பழுதுபார்க்கக் கொஞ்சம் அதே நிறத் துகள், இவை மூன்றும் உடற்கல்வி இயக்குநரின் அலமாரிக்கு வந்து சேர்ந்த பிறகு கடைசி பில்லில் கையெழுத்துப் போடலாம்.

நன்றி, வணக்கம்.