பாஸ்காத் திரி அணையும் வரை: பங்கில் 50 நாட்கள்

[காட்சி: ஆலயப் பீடம். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய். பூக்கள் வாடியிருக்கின்றன.]

தவக்காலம் 40 நாளும் சிலுவைப்பாதைக்கு அட்டவணை போடுகிறோம். உயிர்ப்பு ஞாயிறு மத்தியானத்தோடு பாடகர் குழாமும் பீடப்பணியாளர்களும் களைத்துப்போய் வீட்டில். ஆனால் திருவிழா அன்றைக்குத்தான் தொடங்குகிறது. 2026இல் ஏப்ரல் 5 முதல் தூய ஆவியார் பெருவிழாவான மே 24 வரை, 50 நாளும் ஒரே பெருவிழா. புளியந்தீவிலும் சரி, சொறிக்கல்முனையிலும் சரி, அதை நாள்தோறும் சொல்லி நிற்பது பாஸ்காத் திரி, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவுத் திருவிழிப்பு வழிபாட்டில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி.

[காட்சி: திரியின் உச்சி, அருகில்.]

திரி மெழுகாலானதாக, ஆண்டுதோறும் புதிதாக இருக்க வேண்டும். போன வருடத் திரியில் ஆண்டு இலக்கத்தைச் சுரண்டி மாற்றுவதும், உள்ளே எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் குழாயும் இதற்குப் பொருந்தாது. வாசக மேடைக்கோ பீடத்துக்கோ அருகில் வையுங்கள். பூசைக்குப் பூசை கொளுத்துங்கள்.

இனி சிக்கல். 3 அங்குல விட்டமுள்ள திரி ஓரம் வரை உருக ஏறக்குறைய 3 மணித்தியாலம் வேண்டும். நாள் பூசையோ அரை மணி. அதனால் நடுவில் மட்டும் குழி விழுந்து, நூல் உருகிய மெழுகில் மூழ்கி, சுடர் சின்னதாகி அணைந்துவிடும். ஞாயிறு முதல் பூசைக்கு அரை மணி முன்பே கொளுத்தி, அடுத்த பூசை முடியும் வரை எரியவிடுங்கள். இடையில் ஒருவர் ஆலயத்தில் நிற்கட்டும். ஓரம் இளகியதும் விரலால் உட்பக்கம் அமுக்கிவிடலாம். குழி ஒரு அங்குலத்தைத் தாண்டினால், திரி ஆறிய பிறகு ஓரத்தைக் கத்தியால் சீவுங்கள். நூலை ஒரு சென்ரிமீற்றருக்கு வெட்டி வைத்தால் கரிப்புகை வராது. ஊதி அணைக்காதீர்கள், மெழுகு தெறிக்கும். மூடி போட்டு அணையுங்கள்.

மேயில் கச்சான் காற்று தொடங்கினால் மேற்குப் பக்கக் கதவைச் சாத்துங்கள். ஃபேன் காற்று பட்டாலும் திரி ஒரு பக்கமாக வழியும். எத்தனை பேர் திரி தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறார்கள், குற்றம் ஃபேனுடையது!

[காட்சி: மூடிய தண்ணீர்ப் பாத்திரம்.]

திருவிழிப்பில் ஆசீர்வதித்த தண்ணீரை இக்காலத் திருமுழுக்குகளுக்குப் பயன்படுத்தலாம். ஞாயிறுகளில் பாவமன்னிப்புச் சடங்குக்குப் பதிலாக மக்கள்மீது தெளிக்கலாம். ஆனால் 50 நாள் திறந்து வைத்தால் அது நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். இறுக்கமான மூடி போடுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், ஒளி ஊடுருவாத பாத்திரம் நல்லது. வீட்டுக்குக் கொடுக்கும் போத்தலில் பெயர் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது குடிதண்ணீர் என்று எடுத்துவிடுவார்கள். மிஞ்சியதைக் கானில் ஊற்றாமல் பூமரத்தடியில் ஊற்றுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இக்காலப் பூசைகளில் பொதுவாக முதல் வாசகம் பழைய ஏற்பாட்டில் இருந்து வராது, திருத்தூதர் பணிகள்தான். பிரிகியா, பம்பிலியா என்று இடப்பெயர்கள் வரும். சனிக்கிழமையே ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மூவேளைச் செபத்துக்குப் பதிலாக ‘விண்ணக அரசியே’ செபம், நின்றபடி. மத்தியான மணியோடு பழைய ஒலிப்பதிவைப் போடும் பங்குகள் அதை மாற்ற மறந்துவிடுகின்றன.

[காட்சி: சேமக்காலை வாயில்.]

அதிகம் மனம் நோகும் இடம் இது. ஒருவரின் 31ஆம் நாள் நினைவு பாஸ்கா எண்கிழமைக்குள் (உயிர்ப்பு ஞாயிறு முதல் எட்டு நாளுக்குள்) வந்தால், இறந்தோருக்கான திருப்பலிச் செபங்களை எடுக்க முடியாது. அன்றைய திருப்பலிதான், வெள்ளை உடைதான். அதை அவருக்காக ஒப்புக்கொடுக்கலாம், மன்றாட்டில் பெயரும் சொல்லலாம். இதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே விளக்கிவிட்டால் வாசலில் வாக்குவாதம் வராது. உறவினர் வர வசதி என்று ஞாயிறில் அடக்கம் வைத்தால், உயிர்ப்புக் கால ஞாயிறுகளில் அடக்கத் திருப்பலி கிடையாது. திருப்பலியில்லாத அடக்க வழிபாடு உண்டு. திருப்பலி வேண்டுமென்றால் சனி அல்லது திங்கள். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் குண்டுவெடிப்புகளில் இறந்தோரை நினைக்கும் நாளும் பெரும்பாலான ஆண்டுகளில் இக்காலத்துக்குள்தான் வருகிறது. பாஸ்காத் திரியின் முன்னால் அவர்களுக்காக மன்றாடுவது மிகப் பொருத்தம்.

படுக்கையில் இருப்பவர்களை மறக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதுவும் பாஸ்கா காலத்தில், நற்கருணை வாங்குவது திருச்சபைச் சட்டம். அன்பியம் (பங்கின் சிறு குடும்பக் குழு) தோறும் பெயர்ப்பட்டியல் எடுத்துப் பங்குத்தந்தையிடம் எண்கிழமை முடிந்தவுடனே கொடுங்கள். மே கடைசியில் கொடுத்தால் நாள் போதாது.

[காட்சி: சிவப்பு உடை, தூய ஆவியார் பெருவிழா மாலை.]

விண்ணேற்றத்தன்று நற்செய்தி முடிந்ததும் திரியை அணைப்பது பழைய முறை. பெரியவர்கள் இன்னும் கேட்பார்கள். இப்போது தூய ஆவியார் பெருவிழாவின் கடைசி வழிபாடு வரை எரியும். அதன்பின் பீடப்பகுதியில் நிற்காது, திருமுழுக்குத் தொட்டியருகே போகும். திருமுழுக்குத் திரிகளை அதிலிருந்து கொளுத்துவோம், அடக்கத் திருப்பலியில் பெட்டியருகே வைப்போம். அடுத்த திருவிழிப்பு வரை அது தாங்க வேண்டும், ஆகவே 50 நாள் முடிவில் பாதிக்கு மேல் மிஞ்சும் நீளத்தில் வாங்குங்கள். தகரக் கூரை அறையில் மட்டும் வைக்காதீர்கள், ஓகஸ்ட் வெக்கையில் வளைந்துபோகும்.