வால்டர் ஜார்ஜின் ‘ஹண்ட்ரட்-அப்’ பயிற்சியைச் சரியாகச் செய்வது எப்படி? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: “விக்டோரியா காலத்து ஓட்டக்காரர் வால்டர் ஜார்ஜ் மருந்துக் கடையில வேலை கத்துக்கிட்டிருந்தப்பவே ஹண்ட்ரட்-அப்னு ஒரு பயிற்சியை உருவாக்கினார்னு படிச்சேன். அதை எப்படிச் செய்யணும்? இவ்வளவு பெரிய வீரர் ஏன் அமெச்சூராவே, அதாவது பணம் வாங்காம ஓடுறவராவே, நீடிக்கலை?” ரெண்டையும் சேர்த்தே சொல்றேன், ஏன்னா ரெண்டுக்கும் அடியில இருக்கிறது ஒரே விஷயம்தான்: பிழைப்புக்கு வேலை பார்க்க வேண்டிய ஒரு ஆளு, ஓட்டத்துக்கு என்ன விலை கொடுத்தார்ங்கிறது.

ஜார்ஜ் 1858-ல இங்கிலாந்துல வில்ட்ஷயர் பகுதியில கான்ங்கிற ஊர்ல பிறந்தவர். 16 வயசுல மருந்துக் கடையில வேலை பழக சேர்ந்தார். காலையில நுழைஞ்சா ராத்திரிதான் வெளியில வர முடியும். மைதானத்துக்குப் போக நேரம் கிடையாது. அதனால நின்ன இடத்துலயே, கடைக்குள்ளயே செய்யற மாதிரி ஒரு பயிற்சியை அமைச்சுக்கிட்டார். அதுதான் ஹண்ட்ரட்-அப். ரெண்டு காலுக்கும் சேர்த்து நூறு தடவை முட்டியைத் தூக்குறதுன்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ஒவ்வொரு காலுக்கும் நூறு.

தரையில சாக்பீஸால ரெண்டு கோடு போடுங்க. ஒவ்வொண்ணும் 18 அங்குல நீளம், நடுவுல 8 அங்குல இடைவெளி, ரெண்டும் இணையா இருக்கணும். ஒவ்வொரு கோட்டுக்கு மேலயும் ஒரு பாதம். கையை ஓடும்போது வச்சுக்கிற மாதிரி மடிச்சுக்கோங்க. இப்போ ஒரு முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அதே கோட்டுக்கே திரும்ப இறக்கணும். முன்பாதம்தான் முதல்ல, லேசா, தரையைத் தொடணும். அப்புறம் அடுத்த கால். இது முதல் படி, ‘மைனர்’னு சொல்வாங்க. அவசரமே வேண்டாம்.

ரெண்டாவது படி ‘மேஜர்’. அதே கோடு, அதே உயரம். ஆனா உடம்பு கொஞ்சம் முன்னால சாய்ஞ்சிருக்கும், முன்பாதத்துலயே நின்னுக்கிட்டு ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்குத் துள்ளி மாறணும். நின்ன இடத்துல ஓடுற மாதிரிதான், ஆனா முட்டி உயரத்துலயும் கோட்டுலயும் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. மைனர் சுத்தமா வர்ற வரைக்கும் மேஜருக்குப் போகாதீங்க.

எத்தனை தடவைன்னா, பத்துல ஆரம்பிங்க. பத்தும் ஒரே தரத்துல வந்தா இருபது. அது வந்தா முப்பது. வடிவம் கெட்ட அந்த நொடியே நிறுத்திடணும், இதுதான் இந்தப் பயிற்சியோட உயிர். எழுபதுல கெட்டுப்போச்சு, எப்படியோ நூறு முடிச்சுடலாம்னு இழுத்தீங்கன்னா, கெட்ட அசைவை முப்பது தடவை உடம்புக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்கன்னு அர்த்தம்.

எங்கெல்லாம் தப்பு வரும்னு கொஞ்சம் விரிவா பார்ப்போம். முதல்ல, முட்டி உயரம் குறையும். அதை ஈடுகட்ட முதுகைப் பின்னால சாய்ப்பாங்க. அப்படிச் சாய்ஞ்சா முட்டி உயர்ந்த மாதிரி தெரியும், உண்மையில இடுப்புத் தசை வேலையே செய்யலை. பக்கவாட்டுல ஒரு கண்ணாடி வச்சுப் பாருங்க, உடனே பிடிபடும். ரெண்டாவது, பாதம் கோட்டை விட்டு நகரும். முன்னால நகர்ந்துக்கிட்டே போனா, ஓடும்போதும் காலை இடுப்புக்கு முன்னால தூர வீசிப் போடுற பழக்கம் உங்களுக்கு இருக்குன்னு எடுத்துக்கலாம். ஒவ்வொரு அடியிலயும் அது பிரேக் போடுற வேலை. கோடு போட்டு வச்சிருக்கிறதே இதைக் காட்டிக் கொடுக்கத்தான். பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழணும். உள்பக்கமா விலகி ரெண்டு பாதமும் நெருங்கிடுச்சுன்னா, இடுப்பு ஒரு பக்கமா சரியுதுன்னு அர்த்தம், அதுக்கு மைனரை இன்னும் மெதுவா செய்யுங்க. மூணாவது, தொம்னு சத்தம் வரும். காலை இறக்காம கீழே போட்டுடுறீங்க. கெண்டைக்கால் வலிக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஏற்கெனவே குதிகால் தசைநாண்ல (கெண்டைத் தசையைக் குதிகாலோட இணைக்கிற நார்) வலி இருக்கிறவங்க மேஜரைத் தொடவே வேண்டாம்.

இது ஒண்ணாலயே அவர் சாதனை பண்ணிட்டார்னு எடுத்துக்காதீங்க. அவர் மோஸ்லி ஹாரியர்ஸ் கிளப் வீரர். குளிர்காலத்துல வயல், சேறு, வேலி எல்லாம் தாண்டி ஓடுற கிராஸ் கன்ட்ரி, 1882-லயும் 1884-லயும் இங்கிலாந்து தேசியப் பட்டம் அவருக்குத்தான். கோடையில தட ஓட்டம். 1882-ல நியூயார்க் போய் அமெரிக்க ஓட்ட வீரர் லான் மையர்ஸோட மூணு பந்தயம் ஓடி, அரை மைலைத் தோத்து, முக்கால் மைலையும் ஒரு மைலையும் ஜெயிச்சார். 1884 அவரோட உச்சம்: ஒரு மைல் 4 நிமிஷம் 18.4 விநாடி, ரெண்டு மைல் 9:17.4, பத்து மைல் 51:20, ஒரு மணி நேரத்துல 11 மைல் 932 கஜம். எல்லாம் உலைச் சாம்பல் கொட்டி உருளையால அழுத்தின தடத்துல, மழை பெஞ்சா கால் புதையற தடத்துல, ஓடினது.

இப்போ அமெச்சூர் விஷயம். 1860-கள்ல அமெச்சூர் அத்லெடிக் கிளப்போட விதியில தொழிலாளி, கைவினைஞர், கூலிக்காரர் யாரும் அமெச்சூரே கிடையாதுன்னு இருந்துச்சு. பணம் வாங்காம ஓடினாலும் சரி. 1880-ல ஆக்ஸ்ஃபோர்டுல ஏஏஏ, அதாவது அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன்ங்கிற சங்கம் தொடங்கினப்போதான் அந்த வர்க்கத் தடை போச்சு. ஆனா பணத் தடை அப்படியே இருந்துச்சு: பரிசுப் பணம் கூடாது, தொழில்முறை வீரரோட பந்தயம் கூடாது. கோப்பை, கடிகாரம் மாதிரி பொருள்தான் பரிசு. சொத்து உள்ளவருக்கு இது கௌரவம். ஜார்ஜ் மாதிரி ஆளுக்கு இது கடன். எனக்கு இந்த விதி மேல இன்னைக்கும் மரியாதை வரலை.

1884 முடிவுல அமெச்சூர்கள்ல அவருக்கு ஈடு யாருமில்லை. மிச்சம் இருந்த ஒரே சவால் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கமிங்ஸ். தொழில்முறை வீரர், 1881-ல ஒரு மைலை 4:16.2-ல ஓடினவர். அவரோட மோத ஜார்ஜ் அனுமதி கேட்டார், ஏஏஏ மறுத்துடுச்சு. அதனால அவரே தொழில்முறைக்கு மாறினார். 1885-ல மூணு பந்தயம்: ஒரு மைல் ஜார்ஜுக்கு, நாலு மைலும் பத்து மைலும் கமிங்ஸுக்கு.

அடுத்த வருஷம், 1886 ஆகஸ்ட் 23, லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானம், மறுபடியும் கமிங்ஸோட ஒரு மைல் பந்தயம். ஜார்ஜ் இளைஞரா இருந்தப்பவே மைலை 4:12-ல ஓட முடியும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தார்: கால் மைல் கால் மைலா 59, 63, 66, 64 விநாடி. அன்னைக்கு ஓடினது 58¼, 63½, 66, 65. கூட்டிப் பாருங்க, 4 நிமிஷம் 12¾ விநாடி. மூணாவது கால் மைலை மெதுவா ஓடணும்னு முன்கூட்டியே திட்டம் போட்டு, அதே 66-ஐ ஓடியிருக்கார். கடைசிச் சுத்துல கமிங்ஸ் முன்னால போனார், ஜார்ஜ் விடாம ஒட்டிக்கிட்டே போய்த் திரும்ப முந்தினார். எல்லைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கமிங்ஸ் நிலைகுலைஞ்சு விழுந்துட்டார்.

உங்க நேரத்தை இதோட ஒப்பிடணும்னா ஒண்ணு கவனிங்க: நாலு தடவை 400 மீட்டர் ஓடினா ஒரு மைல் ஆகாது, 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேல குறையும். அதனால ஆரம்பக் கோட்டுக்கு அவ்வளவு தூரம் பின்னால நின்னு தொடங்கணும். அந்த 4:12¾-ஐ முறியடிக்க 1915 வரைக்கும் யாராலயும் முடியலை. அந்த வருஷம் ஜூலையில அமெரிக்க அமெச்சூர் நார்மன் டேபர் 4:12.6 ஓடினார். ஜார்ஜ் 1943-ல இறந்தார்.