வேலிக்கு அப்பால் நின்ற லாரிகள்

எல்லாருக்கும் வணக்கம். மைக் கேட்கிறதா? பின்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காரலாம், ஏனென்றால் நான் பேசப்போவதே கூட்டம் எங்கே உட்காருகிறது என்பதைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டார்க்வில் என்று ஒரு ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 24,000. அந்த ஊரில் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானத்தில் 2023 ஏப்ரலில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 16,423 பேர். கல்லூரி வளாகத்துக்குள் நடந்த பேஸ்பால் ஆட்டம் எதற்கும் அதற்குமுன் அவ்வளவு பேர் வந்ததில்லை. எதிரணி அதே மாநிலத்துப் பங்காளி, ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகம், அது ஒரு காரணம். இன்னொன்று, மிசிசிப்பியில் பெரிய தொழில்முறை லீக் அணி கிடையாது, அதைப் பார்க்கவேண்டுமென்றால் அட்லாண்டாவுக்கோ செயின்ட் லூயிஸுக்கோ வண்டி கட்டிக்கொண்டு போகவேண்டும். அதனால் பையன்கள் ஆடுகிற ஆட்டம்தான் ஊருக்குத் திருவிழா.

மைதானத்தின் பெயர் டூடி நோபிள் ஃபீல்டு. அந்தக் கல்லூரியிலேயே படித்து, பல விளையாட்டுகளில் ஆடி, பிறகு பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறைத் தலைவராகவும் இருந்தவர் நோபிள். இப்போதிருக்கும் இடத்தில் ஆட்டம் தொடங்கியது 1967இல். அப்போது பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு மைதானம், சில வரிசை இருக்கைகள், வெளியே ஒரு வேலி.

அந்த வேலிதான் கதை. பேட்டருக்கு இடதுகைப் பக்கமாகத் தூரத்தில் இருக்கிற பகுதி லெஃப்ட் ஃபீல்டு. அதற்குப் பின்னால் இருக்கையெல்லாம் கிடையாது, வெறும் நிலம். அறுபதுகளின் கடைசியில் சிலர் பிக்கப் வண்டியை, அதாவது பின்னால் திறந்த தட்டு உள்ள சின்ன லாரியை, பின்பக்கமாக வேலிவரை ஓட்டிவந்து நிறுத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஆட்டம் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் வண்டிக்குப் பக்கத்தில் கரி அடுப்பு வந்தது. அப்புறம் வண்டிமேல் பலகை அடித்தார்கள், பலகைமேல் பழைய சோபா, அதற்குமேல் இன்னொரு தட்டு. இன்ஜின் செத்துப்போன லாரிகளும் துருப்பிடித்த ட்ரெய்லர்களும்கூட சீசனுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வரப்பட்டு, வரிசையாக அங்கே நின்றன. பெயரும் வைத்தார்கள், லெஃப்ட் ஃபீல்டு லவுஞ்ச் என்று. கல்யாண வீட்டுக் கொல்லையில் சமையல் நடக்குமே, அந்த மாதிரி ஒரு இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் இறைச்சி வேகிறது, புகை காற்றோடு மைதானத்துக்குள் இறங்குகிறது, எதிரணியின் லெஃப்ட் ஃபீல்டர் பாவம், பின்னாலிருந்து கேலியைக் கேட்டுக்கொண்டே புகையோடு நின்று பந்துக்காகக் காத்திருக்கிறான்.

ரான் போல்க் 1976இல் பயிற்சியாளராக வந்தபிறகு அணியின் தரமே மாறியது. 1985 அணியில் வில் கிளார்க், ரஃபேல் பால்மேரோ, பாபி திக்பென், ஜெஃப் பிராண்ட்லி என்று பின்னாளில் பெரிய லீக்கில் பேர்வாங்கிய நான்கு பேர் ஒன்றாக ஆடினார்கள். கல்லூரி அணி ஒன்றுக்கு இது கொஞ்சம் ஓவர்தான். 1987இல் கான்கிரீட்டில் பெரிய பார்வையாளர் மாடம் எழும்பியது. 1989இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்துக்கு 14,991 பேர் வந்தார்கள், 2014இல் ஓல் மிஸ்ஸுக்கு எதிராக 15,586. 2023க்கு முந்தைய சாதனையும் இவர்களுடையதுதான் என்பதைக் கவனியுங்கள், தன் சாதனையைத் தானே முறியடித்துக்கொண்டிருந்த மைதானம் இது.

சரி, மைதானத்தைப் புதுப்பித்த கதைக்கு வருவோம். சுமார் 6.8 கோடி டாலர் செலவில் பழைய மாடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள், எல்லாம் முடிந்து 2019 சீசனுக்கு முழுசாகத் திறந்தது. நடுவில் 2018இல் பாதி கட்டிய மைதானத்தில்தான் அணி ஆடியது, சீசன் ஆரம்பித்த உடனேயே பயிற்சியாளர் வேறு விலகிவிட்டார். இருந்தும் தேசிய இறுதிச்சுற்று நடக்கும் ஒமாஹாவரை போய்விட்டார்கள். அந்த வருஷம் அணிக்கு ராசியான பொருள் எது தெரியுமா? வாழைப்பழம்! வீரர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க, ரசிகர்களும் சீப்பு சீப்பாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இடிப்பவர்களுக்கு வேலிக்குப் பின்னால் இருந்த குப்பை வண்டிகளைத் துடைத்தெறிவது ரொம்ப சுலபம். ஆனால் அந்த இடத்தை எடுத்துவிட்டால் அந்த மைதானத்தில் என்ன மிச்சம்? அதனால் லவுஞ்சை எடுக்கவில்லை. சக்கரம் வைத்த லாரிகள் போய், ஒரே மாதிரியான நிலையான மேடைகள் வந்தன. அடுப்பு தப்பியது, சோபா போயிற்று. அதற்கும் பின்னால் 12 குடியிருப்புகள் கொண்ட கட்டடம் வேறு, பால்கனியில் நின்றால் ஆடுகளம் தெரியும். எனக்கு இதில் அரை மனசுதான். காசு இல்லாதவன் கண்டுபிடித்த இடத்தைக் காசுள்ளவன் வாடகைக்கு எடுக்கிற வேலை இது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. மழையில் ஆடும் பலகைமேல் இரண்டு தட்டு உயரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்ததை நினைத்தால், சரி, இதுவே மேல் என்றும் தோன்றுகிறது.

2021 ஜூன் 30 அன்று ஒமாஹாவில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியை 9-0 என்று அடித்துத் தேசியப் பட்டம் வாங்கினார்கள். எந்த விளையாட்டிலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் முதல் தேசிய அணிப் பட்டம். அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்ததுதான் நான் முதலில் சொன்ன அந்த 16,423 பேர் கூட்டம். வேலிக்குப் பின்னால் மேடைகள் புதுசு, புகை மட்டும் பழைய வழியிலேயே மைதானத்துக்குள் இறங்குகிறது.