குளிர் இறங்கினால் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர்?

[காட்சி: விடியற்காலை. அருகருகே இரண்டு டயர்கள். கட்டைவிரல் நெருக்கத்தில்.]

இரவு முழுக்க வெளியே கிடந்த டயர்கள் இவை. இடப்பக்கம் குளிர்கால டயர். சாலையில் படும் ரப்பர் மேடான பட்டனைக் கட்டைவிரலால் தள்ளினால் நெளிந்து கொடுக்கிறது. வலப்பக்கம், ஸ்போர்ட்ஸ் காரோடு வந்த கோடை டயர். எவ்வளவு அழுத்தினாலும் மரக்கட்டை மாதிரி நிற்கிறது.

பனி பெய்யுமா என்று பார்த்துத்தான் பலரும் டயர் வாங்குகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது, காலையில் காரை எடுக்கும் நேரத்து வெப்பநிலை. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும் என்பது டயர் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. லட்சுமணன் கிழித்த கோடு அல்ல அது. 8 டிகிரியில் பத்திரம், 6 டிகிரியில் விபத்து என்று பொருளில்லை. ஆனால் துளிப் பனி இல்லாத உலர்ந்த சாலையிலேயே பிடிமானம் குறைந்துவிடும். பந்தயத் தடத்துக்கென்றே செய்யப்படும் சில டயர்களைக் கடுங்குளிரில் ஓட்டினால் பட்டன் விரிசல் விடும் என்று தயாரித்தவர்களே எச்சரிக்கிறார்கள்.

ஆகவே குளிர்காலத்தில் கோடை டயர் என்ற பேச்சே வேண்டாம்.

[காட்சி: வளைவில் திரும்பும் கார்.]

எல்லாப் பருவத்துக்கும் ஒன்றே என்று விற்கப்படும் ஆல்-சீசன் டயர், 1977-இல் குட்இயர் நிறுவனம் கொண்டுவந்த டியெம்போவோடு பிரபலமானது. ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் தொல்லை இல்லை; அதுதான் கவர்ச்சி. பதிலுக்கு, வெயிலில் கோடை டயர் அளவுக்கும் பிடிக்காது, பனியில் குளிர்கால டயர் அளவுக்கும் பிடிக்காது. குடும்பக் காரில் இந்தக் குறை அவ்வளவாக உறைக்காது. ஸ்போர்ட்ஸ் காரில்? வளைவில் ஸ்டியரிங் காட்டும் கூர்மைக்கும் பிரேக்கின் உடும்புப் பிடிக்கும்தானே அவ்வளவு பணம் கொடுத்தீர்கள்? அதை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

[காட்சி: டயரின் பக்கவாட்டில் பதிந்த சின்னம்.]

அப்படியும் ஆல்-சீசன்தான் என்றால், இந்தச் சின்னம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்: மூன்று சிகரம் கொண்ட மலை, நடுவில் பனித்துகள். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் இது கிடைக்கும். வெறுமனே 'எம் பிளஸ் எஸ்' (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருந்தால், அது தயாரித்தவர் தன் பொருளுக்குத் தானே கொடுத்துக்கொண்ட நற்சான்று.

[காட்சி: பனியில் உருண்டுவந்த டயர், மிக நெருக்கத்தில்.]

குளிர்கால டயரின் பட்டனில் நூல் நூலாக ஓடும் இந்தக் கீறல்களைக் கவனியுங்கள். டயர் உருளும்போது இவை திறந்து பனியைக் கவ்வுகின்றன. பட்டன்களுக்கு நடுவே உள்ள காடிகளில் பனி அப்பிக்கிடப்பதைப் பார்த்து அழுக்கு என்று துடைக்கத் தோன்றும், வேண்டாம். பனியைக் கையில் பிடித்து உருட்டினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது அல்லவா? காடியில் அடைந்த பனி, சாலைப் பனியோடு அப்படித்தான் ஒட்டுகிறது. ரப்பரும் குளிரில் இறுகாத கலவை. பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது.

இனி ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய சிக்கல். அதன் டயர் அகலம். அகலமான டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்காமல் மேலேயே மிதக்கும். அதனால் குளிர்காலத்துக்கு ரிம்மை ஓர் அங்குலம் குறைத்து, சற்றுக் குறுகிய, பக்கச்சுவர் உயர்ந்த டயர் போடுவது வழக்கம். மொத்த விட்டம் மாறக்கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும். பெரிய பிரேக் பூட்டிய கார்களில் சின்ன ரிம் உள்ளே இடிக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு முறை பொருத்திப் பாருங்கள்.

இஞ்சின் சக்தி பின் சக்கரத்துக்குத்தான் போகிறது, பின்னால் மட்டும் இரண்டு போதாதா? போதாது. கார் கிளம்பும், ஆனால் வளைவில் திரும்பவும் நிற்கவும் முன் சக்கரம் வேண்டுமே! நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் காரிலும் கதை அதேதான்.

டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் எழுத்தான வேகக் குறியீட்டையும் பாருங்கள். 'வி' என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், 'டபிள்யூ' 270. கார் 300-ஐத் தொடும், குளிர்கால டயர் 240-க்குத்தான் என்றால், டயர் சொல்வதே எல்லை.

இரண்டு செட் இரட்டைச் செலவு என்பார்கள். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கிறது, தேய்மானம் பாதியாகிறது. உண்மையான கூடுதல் செலவு ரிம்மும் வைக்க இடமும்தான். அந்த இடம் இல்லாதவர்கள், குளிர் மிதமான ஊரில் இருந்து, பனி விழும் ஓரிரு நாள் காரை எடுக்காமல் இருக்க முடிந்தால், மலைச் சின்னம் உள்ள ஆல்-சீசன் போட்டுக்கொள்ளலாம். குளிர்காலம் முழுக்க ஓட்டுபவருக்கு நான் குளிர்கால டயரைத்தான் சொல்வேன்.

[காட்சி: கழற்றிய கோடை டயரில் சாக்பீஸால் எழுதும் கை.]

கழற்றிய டயரில் 'பின் இடது', 'முன் வலது' என்று எழுதிவையுங்கள். பின் டயர் அகலமான காரில் முன்னதையும் பின்னதையும் குழப்ப வாய்ப்பில்லை. இடது வலதில்தான் வசந்தகாலத்தில் தடுமாறுவீர்கள்.